வெளிநாட்டிலிருந்து வரும் மீட்பு நாய்க்குத் தற்காலிக வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேறு நாட்டில் மீட்கப்பட்டு வரும் நாய்களை, நிரந்தர வீடு அமையும்வரை என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். இதுவரை ஒன்பது நாய்கள் வந்து போயிருக்கின்றன. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்குத் துணையாகவும் இருக்கிறேன். அவர்களுடைய சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே எழுதிவைக்கிறேன். நாய் வருவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே படித்துவிடுங்கள். வந்த பிறகு உட்கார்ந்து படிக்க நேரம் கிடைக்காது.

ஃபாஸ்டர்னு சொல்றீங்களே, அதுவும் தத்தெடுக்கிறதும் ஒண்ணுதானே?

இல்லை. தத்தெடுத்தால் நாய் உங்களுடையது. ஃபாஸ்டர் என்றால் நாய் மீட்பு அமைப்பின் பொறுப்பிலேயே இருக்கும். என்ன சிகிச்சை, யாருக்குக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதெல்லாம் அவர்கள் முடிவு. சாப்பாடு, நடை, பாதுகாப்பு உங்கள் கையில். கூடவே இன்னொரு வேலையும் உண்டு: அந்த நாய் எப்படிப்பட்டது என்று கவனித்துச் சொல்வது.

அதைத்தான் நான் முதல் வேலையாக நினைக்கிறேன். காப்பகத்துக் கூண்டில் கிடக்கும் நாயைப் பற்றி யாருக்கும் அதிகம் தெரியாது. படிக்கட்டு ஏறுமா, துணி துவைக்கும் இயந்திரம் ஓடினால் நடுங்குமா, தனியாக விட்டால் ஊளையிடுமா, குழந்தை ஓடினால் துரத்துமா என்பதெல்லாம் ஒரு வீட்டில் வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும். முதல் நாளே ஒரு நோட்டு போட்டு எழுத ஆரம்பியுங்கள். இந்தப் பக்கத்தில் பல இடங்களில் அந்த நோட்டைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

உள்ளூர்லயே எத்தனையோ நாய் வீடில்லாம இருக்கு. எதுக்கு வெளிநாட்டிலிருந்து கொண்டு வரணும்?

நியாயமான கேள்வி. உள்ளூர் நாய்க்கு இடம் கொடுக்க ஆசையிருந்தால் தயங்காமல் அதையே செய்யுங்கள். கடல் தாண்டி வந்தது என்பதற்காக ஒரு நாயின் கஷ்டம் பெரிதாகிவிடாது. சில நாடுகளில் காப்பகங்கள் நிரம்பிக் கிடக்கின்றன, எடுத்துக்கொள்ள ஆளில்லை. வேறு நாட்டில் அதே நாய்க்கு வீடு கிடைக்கிறது. இந்த வேலை நடப்பதற்குக் காரணம் அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாய்களை ஏற்றி அனுப்புவதோடு நின்றுவிடும் அமைப்போடு நான் சேர்வதில்லை. புறப்படும் ஊரில் கருத்தடை அறுவைச் சிகிச்சையும் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசியும் போட்டுக்கொண்டிருக்கிறார்களா என்று கேட்பேன். அது இல்லையென்றால், ஒரு நாயைத் தூக்கிவந்த தெருவில் சீக்கிரமே அடுத்த குட்டிகள் பிறந்திருக்கும். இன்னொன்றும் உண்டு. தெருவிலேயே வளர்ந்து, அங்கிருப்பவர்கள் சோறு வைத்து, ஊசியும் போடப்பட்டு நன்றாக இருக்கும் பெரிய நாயை விமானத்தில் ஏற்றுவது அதற்கு உதவியே அல்ல. நான்கு சுவர் அதற்குச் சிறை.

நான் வேலைக்குப் போறவ. அடுக்குமாடி வீடு. எனக்குச் சரிப்படுமா?

சரிப்படலாம். முதல் இரண்டு வாரம் யாராவது வீட்டில் இருக்க முடியுமா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. அதன்பிறகு தனியாக இருக்கப் பழக்கலாம். ஐந்து நிமிடத்தில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்ட வேண்டும். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பாதியில் நாயை இடம் மாற்றினால் அது மறுபடியும் முதலிலிருந்து பயப்பட ஆரம்பிக்கும்.

அடுக்குமாடியில் லிஃப்டும் படிக்கட்டும்தான் சிக்கல். இரண்டையும் பார்த்தே இராத நாய்கள் வரும். பால்கனிக்கு வலை கட்டாமல் நாயை எடுக்காதீர்கள். வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால், குணம் தெரியாத நாயை எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

எத்தனை நாள் வெச்சுக்கணும்?

சொல்ல முடியாது. என்னிடம் ஒரு நாய் 12 நாளில் போனது, இன்னொன்று 11 மாதம் இருந்தது. குட்டிகள் சீக்கிரம் போகும். வயதான நாய், பயந்த நாய், தொடர்ந்து மருந்து தேவைப்படும் நாய் எல்லாம் தாமதமாகும். மூன்று மாதம் என்று மனதில் வைத்துக்கொண்டு ஒப்புக்கொள்ளுங்கள். நடுவில் ஊருக்குப் போக வேண்டியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

செலவு யார் பார்ப்பாங்க?

மருத்துவச் செலவை அமைப்புதான் ஏற்க வேண்டும். உணவுச் செலவு சில இடங்களில் அவர்களுடையது, சில இடங்களில் உங்களுடையது. ராத்திரி இரண்டு மணிக்கு அவசரம் என்றால் எந்த மருத்துவமனைக்குப் போவது, யாரைக் கேட்டுப் பணம் கட்டுவது, நாய் யாரையாவது கடித்தால் காப்பீடு உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பேப்பர் எல்லாம் சரியா இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?

சிப்பிலிருந்து தொடங்குங்கள். நாயின் தோலுக்கடியில் வைத்திருக்கும், அரிசி மணி அளவேயான அந்த மைக்ரோசிப்பில் 15 இலக்க எண் இருக்கும். முதல் மருத்துவச் சந்திப்பிலேயே ஸ்கேனரில் படிக்கச் சொல்லி, தடுப்பூசிப் புத்தகத்தில் இருக்கும் எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். எண் மாறியிருந்தால் அந்தப் புத்தகம் உங்கள் முன்னால் நிற்கும் நாயுடையது என்பதற்கு ஆதாரமே இல்லை.

அப்புறம் தேதிகள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, சிப் போட்ட அன்றோ அதற்குப் பிறகோ போட்ட ரேபிஸ் ஊசிதான் கணக்கில் வரும். ஊசி போடும் நாளில் குட்டிக்கு 12 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். முதல் ஊசிக்குப் பிறகு 21 நாள் கழிய வேண்டும். ஆக, 15 வாரம்கூட ஆகாத குட்டி ரேபிஸ் ஊசி எல்லாம் முறையாக முடித்து வந்தது என்று யாராவது சொன்னால் கணக்கு இடிக்கிறது. ரேபிஸ் கட்டுக்குள் இல்லாத நாடுகளிலிருந்து வந்தால் இன்னும் கடுமை. ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுத்து, எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இந்த வழியில் வரும் நாய்க்குக் கிட்டத்தட்ட ஏழு மாதமாவது ஆகியிருக்கும்.

நாட்டுக்கு நாடு மாறுபாடு உண்டு. பிரிட்டனுக்குப் போகும் நாய்க்கு நுழைவதற்கு 24 முதல் 120 மணி நேரம் முன்பாக நாடாப்புழு மருந்து கொடுத்து, அதைக் கால்நடை மருத்துவர் பதிவு செய்திருக்க வேண்டும். அமெரிக்காவுக்குள் வரும் நாய்க்கு 2024 ஆகஸ்ட் 1 முதல் குறைந்தது ஆறு மாத வயதும் சிப்பும் கட்டாயம். ரேபிஸ் அபாயம் அதிகமென்று கனடா பட்டியலிட்டிருக்கும் நாடுகளிலிருந்து, தத்துக்கும் ஃபாஸ்டருக்கும் வரும் நாய்களை அந்த நாடு 2022 செப்டம்பர் 28 முதல் அனுமதிப்பதில்லை. விதிகள் அடிக்கடி மாறும். நாய் புறப்படும் வாரத்தில், போய்ச்சேரும் நாட்டின் அரசுப் பக்கத்தை நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள்.

யாராவது பயணிகூட அவங்க சொந்த நாய்னு சொல்லி அனுப்பிட்டா சுலபமா முடிஞ்சிடுமே?

வேண்டாம். சொந்தச் செல்லப்பிராணியோடு பயணம் செய்வதற்கு ஒரு சட்டம், வேறொருவருக்குக் கைமாறப்போகும் விலங்குக்கு வேறொரு சட்டம். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும், தத்துக்காக வரும் மீட்பு நாய் இரண்டாவது வகையில்தான் சேரும். அதற்கு அரசு கால்நடை மருத்துவரின் சுகாதாரச் சான்றும் பயணத்தை முன்கூட்டியே பதிவு செய்வதும் தேவை. பொய் சொல்லிக் கொண்டுவந்தது தெரிந்தால் நாயைத் தனிமைப்படுத்தலில் வைக்கலாம், திருப்பி அனுப்பலாம். தண்டனை நாய்க்குத்தான் போகும். பயணியின் துணையோடு நாயை அனுப்புவது சில வழித்தடங்களில் முறைப்படியே நடக்கிறது. அங்கும் காகிதத்தில் உண்மைதான் எழுதியிருக்க வேண்டும்.

விமானத்துல தூங்கறதுக்கு மருந்து கொடுத்துடுவாங்களா?

கொடுக்கக் கூடாது. மயக்க மருந்து ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் பாதிக்கும். சரக்குப் பகுதியில் பக்கத்தில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. பெரும்பாலான விமான நிறுவனங்கள் மருந்து கொடுத்த நாயை ஏற்றுவதில்லை. நாய் நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், இயல்பாகப் படுக்கவும் இடமுள்ள கூண்டில், சில வாரம் முன்பிருந்தே உள்ளே தூங்கப் பழக்கியிருந்தால் அதுவே போதும். மூக்கு சப்பையான நாய்களுக்கு மூச்சுத் திணறல் அபாயம் அதிகம். பல நிறுவனங்கள் அவற்றைச் சரக்காக ஏற்றுவதில்லை.

வந்த முதல் நாள் என்ன செய்யணும்? பிள்ளைங்க எல்லாம் ஆசையா காத்திட்டிருக்காங்க.

முதல் நாள் நாய் தப்பி ஓடாமல் இருந்தாலே போதும். மற்றதெல்லாம் அப்புறம். விமானச் சத்தம், லாரி, தெரியாத கைகள், தெரியாத வாசனை என்று ஒரு நாளுக்கு மேல் பட்டு வந்திருக்கும் நாய், கிடைத்த முதல் இடுக்கில் பாய்ந்துவிடும். அதனால் வெட்டவெளியில் கூண்டைத் திறக்கவே கூடாது. வீட்டுக்குள் வந்து, வாசல் கதவும் அறைக் கதவும் சாத்திய பிறகே திறக்க வேண்டும். வெளியே கூட்டிப்போகும்போது இரண்டு லீஷ் (பிடித்துக்கொள்ளும் வார்): ஒன்று உடலில் மாட்டும் ஹார்னஸில், இன்னொன்று இழுத்தால் இறுகும் கழுத்துப் பட்டையில். பின்னுக்கு இழுத்துச் சாதாரணப் பட்டையைத் தலை வழியாகக் கழற்றிவிடுவது பயந்த நாய்க்கு ஒரு நொடி வேலை. விலா எலும்புக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு பட்டி உள்ள ஹார்னஸ் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்: கிட்டப் போகக் கூடாது, கண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது. அதுவாக வந்து மோந்து பார்க்கட்டும். உறவினர், நண்பர் யாரும் இரண்டு வாரத்துக்கு வேண்டாம். நாற்றமடித்தாலும் அன்றைக்குக் குளிப்பாட்டாதீர்கள். ஒரு சின்ன அறை, ஒரு படுக்கை, தண்ணீர், ஒளிந்துகொள்ள ஓர் இடம் இவை போதும். அன்போடு கொஞ்சினால் பயம் தெளியும் என்று நானும் முதலில் நம்பினேன். தெளியாது. அமைதியும் தினமும் ஒரே நேரத்தில் நடக்கும் ஒரே வேலைகளும்தான் பயத்தைத் தெளியவைக்கின்றன.

ரெண்டு நாளா சாப்பிடலை. மூலையிலேயே கிடக்கு. ஏதாவது பண்ணணுமா?

குட்டி என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். வளர்ந்த நாய் முதல் நாள், இரண்டாம் நாள் சாப்பிடாமல் இருப்பது நடக்கிறதுதான். தண்ணீர் குடிக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரும் குடிக்கவில்லை, வாந்தி, ரத்தம் கலந்த பேதி, ஈறு வெளுத்திருக்கிறது, மூக்கிலிருந்து ரத்தம் வருகிறது என்றால் உடனே கிளம்புங்கள். வந்த இடத்தில் தின்ற அதே உணவைக் கேட்டு வாங்கி அதையே வையுங்கள். ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம். வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். நாம் பார்த்துக்கொண்டே நின்றால் பல நாய்கள் சாப்பிடாது.

பழகுவதற்கு மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு இந்த வட்டாரத்தில் சொல்வார்கள். மூன்று நாளில் மலைப்பு தெளியும், மூன்று வாரத்தில் வீட்டு நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில் நம் வீடு என்ற எண்ணம் வரும். நம்மைப் பொறுமையாக வைத்திருக்க அது நல்ல கணக்குதான், ஆனால் அப்படியே நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். என்னிடம் இருந்த சாம்பல் நிறப் பெண் நாய் ஒன்று, நான் அறையில் இருக்கும்போது வால் ஆட்டுவதற்கே ஏழு வாரம் எடுத்துக்கொண்டது.

வீட்டுக்குள்ளயே எல்லாம் போயிடுது. திட்டலாமா?

திட்டக் கூடாது. வீடு என்றால் என்னவென்றே தெரியாத நாய் அது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும் வெளியே ஒரே இடத்துக்குக் கூட்டிப்போங்கள். அங்கே போனால் அந்த நொடியே பாராட்டுங்கள். உள்ளே போனால் நொதி கலந்த திரவத்தால் துடைத்துவிடுங்கள். வாசனை மிச்சமிருந்தால் மறுபடி அதே இடத்துக்குப் போகும். பழகிய பிறகும் அடிக்கடி போனால் சிறுநீர்ப் பரிசோதனை எடுத்துப் பாருங்கள்.

நம்ம மொழி அதுக்குப் புரியுமா?

அதற்கு எந்த மொழியும் முழுதாகத் தெரியாது. கை அசைவும் குரலும்தான் முதலில் புரியும். அங்கே கூப்பிட்ட பெயரையும் இரண்டு மூன்று சொற்களையும் கேட்டு வைத்துக்கொண்டால் முதல் வாரத்தில் உதவும். புதுச் சொல் சில வாரத்தில் பிடிபட்டுவிடும். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும், அதுதான் முக்கியம்.

எங்ககிட்ட ஏற்கெனவே ஒரு நாய் இருக்கு. எப்போ சேர்த்து விடலாம்?

இரண்டு வாரம் தனித்தனியாக. பார்வோ, டிஸ்டெம்பர் இரண்டும் நாய்களுக்குள் பரவும் ஆபத்தான வைரஸ் நோய்கள். பார்வோ பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள், அதிகம் போனால் இரண்டு வாரத்துக்குள் வெளியே தெரியும். டிஸ்டெம்பர் சில சமயம் அதற்கும் மேல் எடுக்கும். உங்கள் நாயின் தடுப்பூசிகள் எல்லாம் நாள் தவறாமல் போட்டிருக்க வேண்டும். பாத்திரம், படுக்கை, வெளியே போகும் இடம் எல்லாம் வேறு வேறாக இருக்கட்டும். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் மலத்தை உடனுக்குடன் அள்ளிவிடுங்கள்.

சேர்க்கும்போது வீட்டுக்குள் வேண்டாம். வெளியே, இருவர் ஆளுக்கொரு நாயாகப் பிடித்துக்கொண்டு, இடைவெளி விட்டு ஒரே திசையில் நடங்கள். சில நாள் இப்படி நடந்த பிறகு மோந்து பார்க்க விடலாம். சாப்பாட்டுத் தட்டும் எலும்பும் பல மாதத்துக்குத் தனித்தனியாகவே இருக்கட்டும். தெருவில் பசியோடு வளர்ந்த நாய் தன் பங்கைக் காத்துக்கொள்வதில் தப்பு ஒன்றும் இல்லை.

வெளிநாட்டு நோய் ஏதாவது எங்களுக்கும் எங்க நாய்க்கும் ஒட்டிக்குமா?

ஒவ்வொரு நோயும் பரவும் வழி வேறு. அதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வரும் நாய்களில் லீஷ்மேனியா இருக்கலாம். அது மணல் ஈ கடித்துப் பரவும் ஒட்டுண்ணி. மணல் ஈ இல்லாத இடத்தில், தடவிக்கொடுப்பதால் உங்களுக்கு வந்துவிடாது. இதயப்புழுவைக் கொசு பரப்பும். எர்லிக்கியா, பேபீசியா போன்ற ரத்தத்தைத் தாக்கும் கிருமிகள் உண்ணி வழியாக வரும். அதனால் வந்த நாளிலேயே காதுக்குள், விரலிடுக்கில், வாலடியில் உண்ணி இருக்கிறதா என்று தேடுங்கள். நாய்களில் காணப்படும் பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே முட்டையிட்டுப் பெருகக்கூடியது. ஒன்று தப்பினாலும் தொல்லைதான். அகப்பட்டதை உண்ணி எடுக்கும் கொக்கியால் எடுத்து, ஒரு குப்பியில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான் அதிகக் கவனம் சொல்வது இரண்டு விஷயத்தில். ஒன்று புருசெல்லா கேனிஸ் என்ற பாக்டீரியா. பிரசவ நீர், கருக்கலைந்த கசிவு, விந்து, சிறுநீர் வழியாகப் பரவும். மனிதர்களுக்கும் தொற்றலாம், அரிதுதான். நாய்க்கு வந்தால் மருந்தால் முழுதாகப் போக்குவது மிகக் கடினம். பிரிட்டனில் 2020க்குப் பிறகு தெரியவந்த தொற்றுகளில் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து வந்த நாய்களிடம்தான். வீட்டில் கர்ப்பிணியோ எதிர்ப்புச் சக்தி குறைந்தவரோ இருந்தால், இந்தப் பரிசோதனை முடிவைக் கையில் வாங்கிய பிறகே நாயை எடுங்கள். சினையான நாய் வந்து குட்டி போட்டால் வெறுங்கையால் தொடாதீர்கள்.

இன்னொன்று ரேபிஸ். காகிதம் சரியாக இருந்தால் வாய்ப்பு மிகக் குறைவு, மேலே தேதிக் கணக்கை அவ்வளவு விரிவாகச் சொன்னது அதற்காகத்தான். தொற்று உடலுக்குள் போய் அறிகுறி தெரிய வாரக்கணக்கிலிருந்து மாதக்கணக்கு ஆகும். அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை. குரல் மாறுவது, எச்சில் வழிவது, விழுங்க முடியாமல் தவிப்பது, நடை தள்ளாடுவது தெரிந்தால் வாய்க்குள் கை விட்டுப் பார்க்காமல் அறையைச் சாத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

எல்லா டெஸ்டும் நெகட்டிவ்னு வந்திருக்கு. அப்புறம் எதுக்குத் திரும்ப ரத்தம் எடுக்கச் சொல்றீங்க?

பரிசோதனை அன்றைய நிலையைத்தான் சொல்லும். புறப்படும் வாரத்தில் கொசு கடித்து இதயப்புழு உள்ளே போயிருந்தால், அது வளர்ந்து சோதனையில் தெரிய கிட்டத்தட்ட ஆறு மாதம் ஆகும். புருசெல்லாவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் தெரிய மூன்று மாதம்வரை ஆகலாம். லீஷ்மேனியா வருடக்கணக்கில்கூட ஒளிந்திருக்கும். அதனால் வந்து ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை எடுக்க வேண்டும். அதற்குள் நாய் தத்துப் போயிருந்தால் தேதியைப் புதிய வீட்டாரிடம் எழுதிக் கொடுங்கள்.

ஓடிப்போயிட்டா என்ன பண்றது? சிப் இருக்கே, கண்டுபிடிச்சிடலாம்ல?

சிப் இருப்பிடத்தைக் காட்டாது. யாராவது பிடித்து ஸ்கேனரில் வைத்தால்தான் எண்ணே தெரியும். அந்த எண் நீங்கள் இருக்கும் நாட்டின் பதிவேட்டில், எடுக்கக்கூடிய தொலைபேசி எண்ணோடு ஏறியிருக்க வேண்டும். நாய் வந்த வாரமே ஏறிவிட்டதா என்று அமைப்பிடம் கேளுங்கள். பட்டையில் மாட்டும் ஜிபிஎஸ் கருவி வேறு. பயந்த நாய்க்கு அது அவசியம் என்பேன்.

ஓடினால் துரத்தாதீர்கள். பெயர் சொல்லிக் கூவாதீர்கள், இன்னும் உங்களைத் தெரியாத நாய்க்கு அது மிரட்டலாகத்தான் கேட்கும். கண்ணில் பட்டால் தரையில் பக்கவாட்டில் உட்கார்ந்து உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக எறியுங்கள். தப்பிய இடத்தில் அதன் படுக்கையையும் நீங்கள் போட்டிருந்த பழைய துணியையும் வைத்து, பக்கத்தில் உணவும் ஒரு கேமராவும் வையுங்கள். சுவரொட்டியில் “பிடிக்க வேண்டாம், கூப்பிட வேண்டாம், பார்த்த இடத்தைச் சொல்லுங்கள்” என்று பெரிதாக எழுதுங்கள். தேடுவோர் கூட்டம் கூடினால் நாய் இன்னும் தூரம் போய்விடும். என்னிடமிருந்து நான்காம் நாள் தப்பிய ஒரு நாய் மூன்றாம் இரவு தானே அந்தப் படுக்கைக்கு வந்து படுத்தது. பொறிக்கூண்டில் பத்திரமாக எடுத்தோம். அன்று நான் ஒற்றை லீஷோடு போயிருந்தேன். அதன்பிறகு ஒருநாளும் அப்படிப் போனதில்லை.

உறுமுது. ஒருநாள் கடிச்சிட்டா?

உறுமலை அடக்காதீர்கள். “தள்ளிப் போ” என்று அது பேசுகிறது. உறுமியதற்கு அடி வாங்கிய நாய், அடுத்த முறை உறுமாமல் கடிக்கும். உறுமலுக்கு முன்பே உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்புவது, அப்படியே உறைந்து நிற்பது எல்லாம் வரும். அவற்றைப் பார்த்த உடனே விலகிவிட்டால் பெரும்பாலும் கடி வரை போகாது.

கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், நாய் எந்த நாட்டிலிருந்து எப்போது வந்தது என்று சொல்லுங்கள். பிறகு அமைப்புக்குச் சொல்லுங்கள். மறைத்தால் அடுத்த வீட்டில் ஒரு குழந்தை கடிபடும்.

குறையெல்லாம் சொன்னா யாரும் தத்தெடுக்க மாட்டாங்களே?

நானும் அப்படி நினைத்து ஒரு தவறு செய்தேன். என்னிடம் இருந்த ஒரு பழுப்பு நாய், கனத்த குரலுள்ள ஆண்களைக் கண்டால் சிறுநீர் விட்டுவிடும். நல்ல குடும்பம் ஒன்று வந்தது. மெல்ல சரியாகிவிடும் என்று நினைத்து, நோட்டில் இருந்ததை அவர்களிடம் சொல்லாமல் விட்டேன். அந்த வீட்டில் தாத்தாவுக்குக் கம்பீரமான குரல். மூன்று வாரத்தில் நாய் திரும்பி வந்தது, முன்பைவிட இரு மடங்கு பயத்தோடு. பாவம் அந்தக் குடும்பமும் அழுதுகொண்டேதான் கொண்டுவந்து விட்டது.

இரண்டாம் முறை எல்லாவற்றையும் சொன்னேன். தனியாக வாழும் ஒரு பெண்மணி கேட்டுவிட்டு, “எனக்குச் சத்தம் போடவே வராது” என்றார். இன்றும் அவரிடம்தான் இருக்கிறது. குறை என்று நாம் நினைப்பதை “எப்போது, எதற்கு, எவ்வளவு நேரம்” என்று சொல்லுங்கள். “பயந்த சுபாவம்” என்றால் கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. “வாசல் மணி அடித்தால் கட்டிலுக்கடியில் போகும், பத்து நிமிடத்தில் வெளியே வரும்” என்றால், தன் வீட்டில் அது நடந்தால் எப்படியிருக்கும் என்று அவர் யோசிப்பார்.

கொடுக்க மனசே வரலை. நானே வெச்சுக்கலாமா?

வைத்துக்கொள்ளலாம், மற்றவர்களைப் போலவே விண்ணப்பித்து. பலர் அப்படிச் செய்கிறார்கள், நானும் ஒரு நாயை வைத்துக்கொண்டேன். ஆனால் பிரியும் வாரத்தில் முடிவெடுக்காதீர்கள், அந்த வாரம் எல்லோருக்கும் மனம் அடித்துக்கொள்ளும். இன்னும் பத்து வருடம் இந்த நாய்க்கு இந்த வீடுதான் சிறந்ததா என்று ஒரு சாதாரண நாளில் யோசியுங்கள். அமைப்பிடம் முன்பே சொல்லிவிடுவதும் முக்கியம். வேறு குடும்பம் ஆசையோடு வந்து பார்த்த பிறகு சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

என்னால முடியலைன்னா திருப்பிக் கொடுத்துடலாமா?

கொடுக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாற்று வீடு பார்க்க அமைப்புக்கு சில நாள் கொடுங்கள். நீங்களாகவே வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள். சட்டப்படி நாய் உங்களுடையது இல்லை என்று முதலிலேயே சொன்னேன். உங்கள் நோட்டு அடுத்த வீட்டுக்கு நாயோடு போக வேண்டும்.

கொடுத்த அப்புறம் என்னைத் தேடுமா? போய்ப் பார்க்கலாமா?

சில நாள் தேடும். அது துவைக்காமல் படுத்திருந்த துணி ஒன்றையும், தின்று பழகிய உணவில் ஒரு வாரத்துக்கானதையும், நோட்டின் பிரதியையும் கூடவே அனுப்புங்கள். முதல் நாளுக்குச் சொன்னதெல்லாம், இரண்டு லீஷ் உட்பட, அங்கேயும் பொருந்தும். உங்களிடம் பழகிவிட்டதால் புதிய வீட்டார் அலட்சியமாக இருப்பார்கள். அந்த வீட்டில் அது மறுபடியும் புதிய நாய்தான்.

முதல் மூன்று மாதம் நேரில் போகாதீர்கள். படம் கேட்டு வாங்கிப் பாருங்கள். நான் ஒரு வருடம் கழித்து ஒரு நாயைப் பார்க்கப் போனேன். வாசலில் என் கையை நெடுநேரம் மோந்தது, உடம்பெல்லாம் ஆடியது, பிறகு ஓடிப்போய் அந்த வீட்டுப் பையனின் காலடியில் உட்கார்ந்துகொண்டது. திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. போகும்போது ஆறு மாத ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.